பதினெட்டு வயதுக்குப் பின் ஒரு புகலிடம்

குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த ஒருவர், பதினெட்டு வயது நிறைந்ததும் எங்கே தங்குவார்? அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இவ்வினா மேலும் கடுமையானது. காம்ப்பெல் வளைகுடாவில் பிறந்தவர் உயர்கல்வியையும் தொழிலையும் நாடி, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்கு வர வேண்டியுள்ளது. உறவினரோ கடலுக்கு அப்பால்.

2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, இல்லத்தை விட்டு வெளியேறுவோருக்குப் பிற்காப்பு உதவி வழங்க வழிசெய்கிறது. 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளின்படி இவ்வுதவியை 21 வயது வரையும், சிறப்பு நேர்வுகளில் 23 வயது வரையும் பெறலாம். தற்காலிகக் குழுக் குடியிருப்பும், தொழிற்பயிற்சிக் கால உதவித்தொகையும் இதில் அடங்கும். மத்திய அரசின் வாத்சல்யா திட்டம் மாதம் 4,000 ரூபாய் வழங்க இடமளிக்கிறது.

எனினும் உதவி தானே தேடி வருவதில்லை. வெளியேறுவதற்கு இரண்டு மாதங்கள் முன்னரே, அதன்பின் வேண்டிய உதவிகள் குறித்த திட்டம் குழந்தைகள் நலக் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும். தங்குமிடத் தேவை அதில் இடம்பெற்றுள்ளதா என இளைஞர் கேட்டறிதல் இன்றியமையாதது. இல்லத்தில் வளராதோருக்கு இப்பிரிவு பொருந்தாது. பதினெட்டு நிறையாதோர் 1098 என்ற எண்ணை அழைக்கலாம்.

பிறந்தநாள் ஒன்று வந்ததனால் புகலிடம் பறிபோதல் ஆகாது.