தீவுக்குத் தீவு – 9: கத்திக்கு இணங்கும் கல்

சென்ற வாரம் சிசிலியின் தென்கோடியில், போட்சால்லோ துறைமுகத்தில் நின்றோம். அங்கே வேகப் படகில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் மால்டா. நடுவில் தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம் கடல். வல்லெட்டாவின் பெருந்துறைமுகத்துக்குள் படகு நுழையும்போது மேல்தளத்தில் இருந்தால் நல்லது. கோட்டை மதில், மாதா கோயில், மாடி வீடு, படித்துறை என்று கண்ணில் படுவதெல்லாம் ஒரே நிறம். வெயில் ஏறாத காலையில் வெண்ணெய் நிறமாகவும், சாயங்காலம் தேன் நிறமாகவும் தெரிகிற ஒரே கல்.

சுற்றுலா விளம்பரங்களில் மால்டா என்றால் நீலக் கடல்தான். கடல் நீலம் என்பதில் பொய்யில்லை. ஆனால் நல்ல மணற்கரைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்: கோல்டன் பே, மெலீஹா, கோசோ தீவின் ரம்லா, இன்னும் சில. மற்ற இடங்களில் பாறையில் பொருத்திய இரும்பு ஏணியைப் பிடித்துத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும். மணலில் காலை நீட்டிப் படுக்க விரும்புகிறவர்கள் சார்டினியாவுக்கோ கிரீட்டுக்கோ போகட்டும். என்னைக் கேட்டால் மால்டாவுக்குப் போவது கல்லைப் பார்க்க.

குளோபிஜெரினா சுண்ணாம்புக் கல் என்பது அதன் பெயர். கண்ணுக்குத் தெரியாத கடலுயிரிகளின் ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறை. குவாரியிலிருந்து வெட்டி எடுத்த புதிதில் ரம்பத்துக்கும் கத்திக்கும் இணங்கும். காற்றுப்பட்ட பிறகு மேல்தோல் கெட்டியாகும். இதற்கு மேலும் கீழும் பவளச் சுண்ணாம்புக் கல் என்று இன்னொரு வகை உண்டு. அது முரட்டுக் கல். வெட்டுவது பெரும்பாடு, ஆனால் மழைக்கும் உப்புக்காற்றுக்கும் அசைந்து கொடுக்காது. 316 சதுர கிலோமீட்டரே உள்ள இந்த நாட்டின் கதையில் பாதி, எதற்கு எந்தக் கல்லை எடுத்தார்கள் என்பதில் இருக்கிறது.

ஹஜார் ஈம், இம்நாய்த்ரா கோயில்களில் அதை நேரில் பார்க்கலாம். தெற்குக் கரையில், அரைக் கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டும் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையவை. கீசாவின் பெரிய பிரமிடு எழுவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே கட்டியவை. உலோகம் தெரியாத மக்கள், கல்லாலும் மான்கொம்பாலும் வேலை செய்து இருபது டன் பாளங்களை நிறுத்தியிருக்கிறார்கள். மேட்டிலுள்ள ஹஜார் ஈம் முழுக்க மென்கல். பக்கத்திலேயே கிடைத்ததை எடுத்துக் கட்டிவிட்டார்கள். அதனால் சுவரெல்லாம் பொரிந்து, துளை விழுந்து, கரையான் தின்ற பலகை போல இருக்கிறது. சரிவில் இறங்கினால் வரும் இம்நாய்த்ராவில் வெளிச்சுவர் முரட்டுக் கல், உள்ளே அலங்காரத்துக்கு மென்கல். அதன் சுவர்கள் இன்னும் திடமாக நிற்கின்றன. உள்வாசல் பாளங்களில் ஊசியால் குத்தினாற்போல வரிசை வரிசையாகப் புள்ளிகள். பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் நாட்களில் உதயசூரியனின் கதிர் நேராக நடுவாசல் வழியே உள்ளே ஓடும்.

2009 முதல் இரண்டின் தலைக்கு மேலும் பெரிய வெள்ளைக் கூடாரங்கள். படம் எடுக்க வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்குக் கூடாரத்தில் குறையொன்றும் தெரியவில்லை. மழையில் கரையும் கல்லுக்குக் குடை பிடிப்பதில் என்ன தப்பு? போதாததற்கு உச்சி வெயிலில் நமக்கும் நிழல். எதிரே கடலில் தெரியும் ஃபில்ஃப்லா என்ற குட்டித் தீவை 1971 வரை பிரிட்டிஷ் கடற்படை பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக வைத்திருந்தது. ஒரு பக்கம் இப்படிப் பாதுகாப்பு, மறுபக்கம் அப்படி.

மால்டாவில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால், கண்ணை மூடிக்கொண்டு ஹால் சஃப்லியெனி ஹைப்போஜியத்தைச் சொல்வேன். பாவ்லா என்ற ஊரில், சாதாரணத் தெருவில், சாதாரணக் கதவு. 1902இல் வீடு கட்டுவதற்காகத் தண்ணீர்த் தொட்டி தோண்டியவர்களின் கடப்பாறை பொத்தென்று உள்ளே போய்விட்டது. கீழே மூன்று அடுக்காகப் பாறையைக் குடைந்த இடுகாடு. சுமார் ஏழாயிரம் பேரின் எலும்புகள் இங்கே இருந்திருக்கும் என்பது கணிப்பு. வியப்பு எண்ணிக்கையில் இல்லை. தரைக்கு மேலே கோயில் கட்டியவர்கள், அதே வாசற்கால், அதே உத்தரம், வட்டம் வட்டமாக உள்வாங்கிக் குவியும் அதே கூரை, எல்லாவற்றையும் இங்கே பாறையில் செதுக்கிக் காட்டியிருக்கிறார்கள். தாங்க வேண்டிய பாரம் எதுவும் இல்லாத தூண்கள்! மேலே உள்ள கோயில்களின் கூரைகள் எப்போதோ விழுந்துவிட்டன. அவை எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க இந்தப் பாதாள நகல்தான் ஆதாரம். ஓர் அறையின் விட்டத்தில் செங்காவிச் சுருள்கள் இன்னும் அழியவில்லை. அங்கே கனத்த குரலில் பேசினால் பாறை முழுக்க அதிரும்.

மூச்சுக்காற்றின் ஈரம் காவியைத் தின்றுவிடும் என்பதால் ஒரு நாளைக்கு 80 பேருக்குத்தான் அனுமதி. கோடையில் போவதாக இருந்தால் விமான டிக்கெட்டுக்கு முன்பே இதற்கு இணையத்தில் பதிவு செய்துவிடுங்கள். தவறவிட்டால், மறுநாளைக்கான சில சீட்டுகளைக் கூடுதல் விலைக்கு வல்லெட்டாவின் செயின்ட் எல்மோ கோட்டையில் தருகிறார்கள். விடிந்ததும் போய் நிற்க வேண்டும். கேமரா, கைப்பேசி எதுவும் உள்ளே ஆகாது. இங்கே கிடைத்த ‘உறங்கும் பெண்’ வல்லெட்டா தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறாள். உள்ளங்கைக்குள் அடங்கும் சுடுமண் பொம்மை. பருத்த உடம்பு ஒருக்களித்து, தலைக்குக் கையை முட்டுக் கொடுத்துக் கட்டிலில் படுத்திருக்கிறது. அந்தப் பாரத்துக்குக் கட்டிலின் நடு தொய்ந்திருப்பதைக்கூட வனைந்தவர் விடவில்லை.

வல்லெட்டா பிறந்தது ஒரு முற்றுகையிலிருந்து. 1565இல் ஒட்டோமான் படை மாதக்கணக்கில் முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியது. மறு ஆண்டே செயின்ட் ஜான் வீரத்துறவிகளின் தலைவர் லா வலேத் புதுத் தலைநகருக்கு அடிக்கல் நாட்டினார். நகரத்துக்கு அவர் பெயரே நின்றது. காற்று ஓடட்டும் என்று தெருக்களைக் கடலிலிருந்து கடலுக்கு நூல் பிடித்தாற்போலப் போட்டிருக்கிறார்கள். மேடும் பள்ளமுமாகப் படிக்கட்டுத் தெருக்கள், வீட்டு முகப்பில் பச்சையும் சிவப்புமாக மர அடைப்பு வைத்த பால்கனிகள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் துறைமுகத்திலிருந்து அப்பர் பராக்கா தோட்டத்துக்கு 58 மீட்டர் லிஃப்ட் இருக்கிறது. பகல் பன்னிரண்டுக்கும் மாலை நான்குக்கும் அங்கே பீரங்கி முழங்கும். சின்னக் குழந்தையோடு போகிறவர்கள் காதைப் பொத்தத் தயாராக இருங்கள்.

செயின்ட் ஜான் பேராலயத்துக்குள் தரையெங்கும் வண்ணச் சலவைக்கல் சமாதிகள். எலும்புக்கூடுகள் அரிவாளும் மணற்கடிகையும் ஏந்திச் சிரிக்கின்றன. எல்லோரும் நேரே போவது பக்க மண்டபத்திலிருக்கும் கரவாஜ்ஜோவின் ஓவியத்துக்கு. 1606இல் ரோமில் ஒருவரைக் கொன்றுவிட்டு ஓடியவர், மறு ஆண்டு மால்டா வந்து, 1608இல் இங்கேயே வீரத்துறவிப் பட்டமும் வாங்கினார். அதே ஆண்டு வரைந்தது ‘புனித யோவானின் தலை வெட்டு’. ஐந்து மீட்டர் அகலத் திரை. நடப்பதெல்லாம் இடது பாதியில்: கீழே கிடக்கும் யோவான், தங்கத் தட்டை நீட்டும் பணிப்பெண், தலையில் கை வைத்துக்கொண்ட கிழவி. வாளால் தலை முழுதாக அறுபடவில்லை; கொலையாளியின் கை முதுகுக்குப் பின்னால் செருகிய குறுவாளைத் தேடுகிறது. வலது பாதியில் வெறும் சிறைச்சுவர், கம்பிக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் இரண்டு கைதிகள். யோவானின் கழுத்திலிருந்து வழிந்த ரத்தத்தில் ஓவியர் தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்ட ஓவியம் இது ஒன்றுதான். சில மாதங்களில் அடிதடி, சிறை, தப்பியோட்டம். அந்த ஆண்டு டிசம்பரில் அவரைச் சபையிலிருந்து நீக்கும் கூட்டம் இதே மண்டபத்தில், இந்த ஓவியத்தின் முன்னிலையிலேயே நடந்தது.

கல்லின் மென்மை உயிரையும் காத்திருக்கிறது. 1940 முதல் இத்தாலியும் ஜெர்மனியும் மாறி மாறிக் குண்டு போட்டபோது, மக்கள் கைக்கோடரியால் பாறையைக் குடைந்து தெருவுக்கடியில் ஒளிவிடங்கள் வெட்டிக்கொண்டார்கள். மொஸ்தா ஆலயத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒன்றில் இறங்கிப் பார்க்கலாம். 1942 ஏப்ரல் 9 அன்று அந்த ஆலயத்தின் பெரிய குவிமாடத்தைத் துளைத்து விழுந்த குண்டு, கூடியிருந்தவர்கள் நடுவே வெடிக்காமல் கிடந்தது. அதே போன்ற குண்டு ஒன்றை உள்ளே பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். அதற்கடுத்த வாரம் பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் தீவு முழுவதற்குமாகத் தந்த ஜார்ஜ் சிலுவைப் பதக்கம் இன்றைக்கும் நாட்டுக் கொடியில் இருக்கிறது.

பழைய தலைநகர் இம்தினாவைப் பற்றி எழுதாதவர்களே இல்லை. மதிலுக்குள் சந்து சந்தாக அழகான ஊர்தான். பகல் கூட்டம் கலைந்த பிறகு போங்கள். எனக்குப் பிடித்தது மதிலுக்கு வெளியே ரபாத்தில் விற்கும் பஸ்தித்ஸி. மெல்லிய ஏடுகளாக உதிரும் மாவுக்குள் ரிக்கோட்டா பாலாடை, அல்லது மசித்த பட்டாணி. சைவக்காரர்கள் பசியாற இதைவிட மலிவான வழி தீவில் இல்லை. கூடவே கசப்பு ஆரஞ்சில் செய்த கின்னி பானம் சொல்வார்கள். முதல் மடக்கில் கஷாயம், மூன்றாவதில் பழகிவிடும். அசைவக்காரர்களுக்கு ஒயினில் வேகவைத்த முயல் கறி, ஆகஸ்ட் கடைசியிலிருந்து லம்பூக்கி மீன். இதைப் பிடிக்க, தென்னோலை போன்ற ஈச்ச ஓலைகளை மிதவையில் கட்டிக் கடலில் விடுவார்கள். நிழலுக்கு ஒதுங்கும் மீனை வளைத்துப் பிடிப்பார்கள். மர்சஷ்லோக் துறையில் மீன்பிடிப் படகுகளின் மூக்கில் இரண்டு கண்கள் வரைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை பேர் போனது. ஆனால் அன்றைக்கு மீனைவிட ஆள் அதிகம்.

கொமினோ தீவின் ப்ளூ லகூன் பற்றி ஒரு வரி போதும்: கோடையில் கூட்டத்தைக் கட்டுப்படுத்த 2025 முதல் முன்பதிவு முறையே கொண்டுவந்திருக்கிறார்கள், ஏப்ரலிலோ அக்டோபரிலோ போனால் தண்ணீரின் நிறம் தெரியும்.

கோசோவுக்கு ஒரு முழு நாளாவது ஒதுக்குங்கள்; இரவு தங்கினால் இன்னும் நல்லது. சிர்கெவ்வாவிலிருந்து காரும் ஏறும் கப்பலில் 25 நிமிடம். ஜிகன்தியா கோயிலைத் தோளில் குழந்தையைச் சுமந்த ராட்சசி ஒருத்தி கட்டினாள் என்பது ஊர்க்கதை. ஆறு மீட்டருக்கு மேல் நிற்கும் முரட்டுக் கல் சுவரைப் பார்த்தால் மனிதர் கட்டியதாக நம்புவதுதான் சிரமம். மேற்கே துவெய்ராவில் கடலுக்குள் நின்ற பாறை வளைவு ‘நீல ஜன்னல்’ 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து விழுந்தது. பழைய படத்தைப் பார்த்துவிட்டு அதைத் தேடி வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. முக்குளிப்பவர்களுக்கு மட்டும் லாபம்: விழுந்த பாளங்கள் நீருக்கடியில் புதிய காட்சியாகிவிட்டன.

வடகரையில் ஷ்வேய்னி உப்பளம். பழக்கப்பட்ட மண் பாத்தி அல்ல. கடலோர மென்கல்லிலேயே சதுரம் சதுரமாகக் குடைந்த பாத்திகள், கரையோடு மூன்று கிலோமீட்டர் வரை. சில குடும்பங்கள் தலைமுறைகளாக இதைச் செய்கின்றன. மே முதல் செப்டம்பர் வரை கடல்நீரை நிரப்பி, வெயிலில் வற்றவிட்டு, துடைப்பத்தால் கூட்டிக் குவிக்கிறார்கள். பாத்தியில் கால் வைக்காதீர்கள். அது அவர்கள் சமையலறை. சாலையோரக் குகைவாசலில் பொட்டலம் போட்டு விற்கும் உப்பைத் தாராளமாக வாங்கலாம். சில்லறையும் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். கோசோவுக்குப் போகும் கப்பலில் யாரும் டிக்கெட் கேட்க மாட்டார்கள். காசு வாங்குவது திரும்பி வரும்போதுதான்.

(அடுத்த வாரம்: சைப்ரஸ்)