மழைக்காலத்துல வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போறீங்களா?

முத்தியால்பேட்டையில் ஐப்பசி, கார்த்திகையில் வீட்டைப் பூட்டினால் பெரிய கவலை மழைதான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. கிளம்பும் முன் இதையெல்லாம் பாருங்க:

மொட்டைமாடி: மழைநீர்க் குழாய் வாயில் அடைத்திருக்கும் சருகை அள்ளுங்க. தண்ணீர் தேங்கினால் கூரை ஒழுகும்.

மின்சாரம்: ஃபிரிட்ஜைக் காலிசெய்து, துடைத்து, கதவைக் கொஞ்சம் திறந்தே வைங்க. பிறகு மெயின் சுவிட்சை அணைங்க.

கேஸ்: ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டருக்கு மூடி போடுங்க.

தண்ணீர்: வாளிகளைக் கவிழ்த்துடுங்க; டேங்க், சம்ப் மூடியை இறுக்குங்க. முட்டை கொசுவாகப் பத்து நாள் போதும். டெங்கு பக்கத்து வீட்டையும் விடாது.

பத்திரம், சான்றிதழ்: பிளாஸ்டிக் உறையில் போட்டு மேல் அலமாரியில் வைங்க.

கடைசியா, ஒரு சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட கொடுங்க. மழை விட்டதும் உள்ளே எட்டிப் பார்க்க ஒரு ஆள் வேணும்ல!