சுவரில் இல்லாத பெயர்கள்

புது தில்லி: சாணக்கியபுரியில் 2018 அக்டோபர் 21-இல் திறக்கப்பட்ட தேசிய காவலர் நினைவிடத்தின் வீரச் சுவரில், விடுதலைக்குப் பின் பணியின்போது உயிர்நீத்த 34,844 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. துறைமுகங்களையும் விமான நிலையங்களையும் காக்கும் மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படையினரும் அவர்களில் அடங்குவர்.

ஓய்வுக்குப் பின் மறைந்தோருக்கு அங்கு இடமில்லை. 1999 டிசம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் காந்தகாருக்குக் கடத்தப்பட்ட பிறகே, 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூர் தொடங்கி விமான நிலையங்கள் இப்படையிடம் ஒப்படைக்கப்பட்டன. அசம்பாவிதம் எதுவும் நிகழாமல் காத்ததே அவர்களது சாதனை. நிகழாத கடத்தலுக்குக் கல்வெட்டு ஏது? அக்டோபர் 21 அஞ்சலியில் அவர்களையும் குறிப்பிடுவதால் அரசுக்கு என்ன இழப்பு?

இன்று அக்கடமை ஓய்வுபெற்றோர் சங்கங்களையே சார்ந்துள்ளது. கூட்டத்தில் மறைந்தவர் பெயரை வாசித்து மௌனம் காப்பதோடு, அவர் மனைவியின் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பத்தை நிரப்பித் தருவதும் பழைய சகாக்களே.