செருப்புத் தைக்கும் பெரியவர் உண்மையில் என்ன சொன்னார்? - 71 வருடங்கள் டப்பாவுக்குள் கிடந்த ஹாலிவுட் வசனம்!

2004-ம் வருடம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் டேட்டன் நகரம். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நூலகத்தின் பழைய ஃபிலிம் கிடங்கு ஒன்று அங்கே இருந்தது. 1933-ல் வெளியான `பேபி ஃபேஸ்' என்ற கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் புது பிரின்ட் போட வேண்டும் என்று, பொறுப்பாளர் ஜார்ஜ் வில்லமன் டப்பாக்களைத் தேடி எடுக்கிறார். நெகட்டிவ் இரண்டு செட் இருக்கிறது. ஒரே படம்தான். ஆனால், ஒன்று மற்றதைவிட நீளமாக இருக்கிறது!

நீளமானதை ஓட்டிப் பார்த்தால், உலகம் அதுவரை பார்த்துவந்த `பேபி ஃபேஸ்' அது இல்லை. சுமார் ஐந்து நிமிடங்கள் கூடுதல். க்ளைமாக்ஸ் வேறு. எல்லாவற்றையும்விட, ஒரு கேரக்டர் பேசும் வசனமே வேறு.

1933-ல் ரிலீஸுக்கு முன்பு சென்சாரிடம் மாட்டிய ஒரிஜினல் பிரதிதான் அது. 71 வருடங்கள் யார் கண்ணிலும் படாமல் டப்பாவுக்குள் இருந்திருக்கிறது.

லில்லி ஏறிய மாடிகள்

கதையைச் சொல்லிவிட்டால் மற்றது புரியும். பென்சில்வேனியா மாநிலத்தின் ஈரி என்ற ஊர். எங்கு பார்த்தாலும் ஆலைப் புகை. மதுவிலக்கு அமலில் இருந்த காலத்தில், திருட்டுத்தனமாகச் சாராயக்கடை நடத்துகிறான் ஒருவன். அவன் மகள் லில்லி. 14 வயதிலிருந்தே கடைக்கு வரும் ஆண்களிடம் அவளை அனுப்பியவன் அவளைப் பெற்ற அப்பாதான். ஒருநாள் சாராயம் காய்ச்சும் அடுப்பு வெடித்து அவன் செத்துப்போகிறான். லில்லி அழவில்லை.

அந்த ஊரில் அவளை மனுஷியாக மதிக்கும் ஒரே ஆள், செருப்புத் தைக்கும் ஒரு பெரியவர். நிறைய படிப்பவர். அவர் சொன்ன புத்திமதியைக் கேட்டுக்கொண்டு, தோழி சிக்கோவுடன் கூட்ஸ் ரயிலேறி நியூயார்க் வருகிறாள். பெரிய வங்கி ஒன்றில் வேலைக்குச் சேர்கிறாள். அவளிடம் மயங்கும் ஒவ்வோர் ஆணையும் படியாக வைத்து மேலே ஏறுகிறாள். ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் கேமரா அந்தக் கட்டடத்தின் வெளிப்புறத்தில் ஒரு மாடி மேலே போகும். ஒரு வசனமும் இல்லாமல் விஷயம் புரிந்துவிடும். 90 வருடங்களுக்கு முந்தைய படத்தில் இப்படி ஒரு ஐடியா!

லில்லியாக நடித்தவர் பார்பரா ஸ்டான்விக். சிக்கோவாக நடித்த தெரசா ஹாரிஸ் கறுப்பினப் பெண். வீட்டு வேலைக்காரியாக மட்டுமே கறுப்பினப் பெண்களைக் காட்டிய காலத்தில், கதாநாயகி கடைசிவரை விட்டுக்கொடுக்காத தோழியாக அவர் வருகிறார். கீழ்மாடியில் லில்லி கழற்றிவிடும் இளைஞர்களில் ஒருவராக, பின்னாளில் கௌபாய் படங்களில் கொடிகட்டிப் பறந்த ஜான் வெய்ன் தலைகாட்டுவது போனஸ். கதையை எழுதியது, வார்னர் பிரதர்ஸின் தயாரிப்புத் தலைமையில் இருந்த டாரில் ஜானக். படத்தில் புனைபெயரைப் போட்டுக்கொண்டார்!

வெட்டினால் உதடு ஓடிவிடும்

படம் பேச ஆரம்பித்து அப்போது ஆறு வருடங்கள்கூட முழுதாக ஆகவில்லை. `தி ஜாஸ் சிங்கர்' வந்தது 1927 அக்டோபரில். அதற்கு முந்தைய மௌனப் படங்களில் சென்சார்காரர்களின் வேலை சுலபம். பிடிக்காத காட்சியைக் கத்தரித்து இரண்டு முனைகளையும் ஒட்டிவிடலாம். எழுத்தில் வரும் வசன அட்டை பிடிக்கவில்லையா, வேறு அட்டை எழுதிச் செருகிவிடலாம்.

வார்னர் பிரதர்ஸ் கொண்டுவந்த வைட்டாஃபோன் முறை இதைக் குழப்பியது. அதில் ஒலி ஃபிலிமில் இல்லை. தனியாக ஓர் இசைத்தட்டில் இருந்தது. 16 அங்குலத் தட்டு, ஒரு ரீலுக்கு ஒன்று, சுமார் 11 நிமிடங்கள் ஓடும். நடுவில் பத்து விநாடிக் காட்சியை வெட்டினால் படம் முந்திப் போய்விடும், தட்டு பின்தங்கிவிடும். ரீல் முடியும்வரை ஹீரோவின் உதட்டில் வேறு யாருடைய வசனமோ வரும். இதைச் சமாளிக்க, வெட்டிய அளவுக்கு வெற்று ஃபிலிமைச் சேர்க்க வேண்டும். அப்போதும் தட்டு பேசிக்கொண்டேதான் இருக்கும்!

சில வருடங்களில் ஒலியும் ஃபிலிமிலேயே ஏறியது. அதிலும் ஒரு சிக்கல். புரொஜெக்டரின் அமைப்பு காரணமாக, ஒரு காட்சிக்கான ஒலி அதன் பக்கத்திலேயே இருக்காது, சுமார் 20 ஃபிரேம் தள்ளி இருக்கும். கண்டபடி கத்தரித்தால் வேறு காட்சியின் வசனம் பாதியில் அறுந்துபோகும்.

அமெரிக்காவில் அன்று நாடு முழுமைக்குமான ஒரே சென்சார் போர்டு கிடையாது. நியூயார்க், பென்சில்வேனியா, ஒஹாயோ, கான்சாஸ் என்று சில மாநிலங்களுக்குத் தனித்தனி போர்டு. சினிமா என்பது வெறும் வியாபாரம், அதற்குக் கருத்துச் சுதந்திரம் பொருந்தாது என்று 1915-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு மாறியது 1952-ல்தான். ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வோர் இடத்தில் வெட்டினால், பேசும் படத்துக்கு எவ்வளவு செலவு, எவ்வளவு குழப்பம்? படம் எடுக்கும்போதே நாமே வடிகட்டிக்கொள்ளலாம் என்று ஸ்டூடியோக்கள் இறங்கிவந்ததற்கு ஒழுக்கத்தைவிட இந்தக் கணக்கு முக்கியக் காரணம் என்றே தோன்றுகிறது.

1930 மார்ச்சில் விதித்தொகுப்பு ஒன்று வந்தது. எழுதியவர்களில் ஒருவர் டேனியல் லார்ட் என்ற பாதிரியார். ஸ்டூடியோக்களின் சங்கத் தலைவராக இருந்தவர், முன்னாள் தபால்துறை அமைச்சர் வில் ஹேஸ். பாவத்தின் பக்கம் பார்வையாளரின் பரிவு போகக் கூடாது என்பது விதிகளின் சாரம். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால், யாரும் கடைப்பிடிக்கவில்லை. பொருளாதாரப் பெருமந்தம் தியேட்டர்களைக் காலி செய்துகொண்டிருந்தது. தாதா படங்களும் துணிச்சலான பெண்களின் கதைகளும்தான் டிக்கெட் விற்றன.

தோளுக்குப் பின்னால் ஒரு குரல்

1933 வசந்தத்தில் `பேபி ஃபேஸ்' நியூயார்க் போர்டுக்குப் போனது. அனுமதி மறுக்கப்பட்டது. அவ்வளவு பெரிய சந்தையை வார்னர் விட முடியுமா? ஸ்டூடியோ சங்கத்தின் தணிக்கைக் குழு உட்கார்ந்து திருத்தங்கள் பேசியது. அந்தக் குழுவின் அன்றைய தலைவர் ஜேம்ஸ் விங்கேட், அதற்கு முன்பு நியூயார்க் சென்சார் அதிகாரியாக இருந்தவர் என்பது வேடிக்கை.

சில காட்சிகள் போயின. அதோடு விட்டார்களா? செருப்புத் தைக்கும் பெரியவரின் புத்திமதியில் கைவைத்தார்கள். ஒரிஜினலில் அவர் ஜெர்மன் தத்துவவாதி நீட்ஷேயின் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார். இத்தனை நாள் ஆண்கள் உன்னைப் பயன்படுத்தினார்கள், இனி நீ அவர்களைப் பயன்படுத்து, அடிமையாக இருக்காதே என்பதுதான் அவர் சொல்வதன் அர்த்தம். திருத்திய படத்தில் அதே பெரியவர், நல்ல வழியும் உண்டு கெட்ட வழியும் உண்டு, கெட்ட வழிக்குக் கொடுக்கும் விலை மிக அதிகம் என்று உபதேசம் செய்கிறார்!

எப்படிச் சாதித்தார்கள்? பெரியவரின் தோளுக்குப் பின்னாலிருந்து லில்லியின் முகத்தைக் காட்டும் ஷாட்டை எடுத்துக்கொண்டார்கள். அவர் உதடு தெரியாது. அதன் மேல் புது வசனத்தை டப் செய்துவிட்டார்கள். சென்சாருக்குத் தலைவலி கொடுத்த அதே ஒலி, இங்கே சென்சாருக்குக் கைகொடுத்தது.

ஒரு வசனம்தானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால், இரண்டு பிரதிகளையும் யோசித்துப் பாருங்கள். ஒரிஜினலில் அப்பாவாலும் ஊராலும் சீரழிக்கப்பட்ட பெண், தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுக்கிறாள். திருத்தியதில், நல்ல வழி எது என்று முன்கூட்டியே சொல்லியும் கேட்காமல் கெட்டுப்போனவள் ஆகிறாள். அப்பாவின் குற்றம் மெள்ள மகளின் தலையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

முடிவும் மாறியது. ஒரிஜினலில், தற்கொலைக்கு முயன்ற கணவனோடு ஆம்புலன்ஸில் போகிறாள் லில்லி. நகைப்பெட்டி கீழே விழுந்து திறக்கிறது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. படம் முடிந்துவிடுகிறது. சென்சாருக்கு இது போதவில்லை. அவள் சொத்து அத்தனையையும் இழந்து, ஆலைத் தொழிலாளியின் மனைவியாக வாழ்கிறாள் என்று வங்கி இயக்குநர்கள் பேசிக்கொள்வதுபோல ஒரு காட்சியை ஒட்டினார்கள். இப்படித் திருத்திய படம்தான் 1933 ஜூலையில் வெளியானது.

அடுத்த வருடமே கெடுபிடி முழுதாக வந்தது. கத்தோலிக்கத் திருச்சபையினர் படங்களைப் புறக்கணிக்கும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். பயந்துபோன ஸ்டூடியோக்கள் ஜோசப் பிரீன் என்பவரிடம் முழு அதிகாரத்தையும் கொடுத்தன. 1934 ஜூலை முதல், அவர் அலுவலகத்தின் முத்திரை இல்லாமல் படத்தை வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம். பழைய படத்தை மறு ரிலீஸ் செய்யவும் அந்த முத்திரை வேண்டும். மறு ரிலீஸில் `ஃபிராங்கென்ஸ்டைன்' படத்தின் விஞ்ஞானி, தன்னைக் கடவுளோடு ஒப்பிடும் வசனத்தை இடிச்சத்தம் போட்டு மறைத்தார்கள். `கிங் காங்'கில் வெட்டிய காட்சிகள் மீண்டும் சேர முப்பது வருடங்களுக்கு மேல் ஆனது. `லவ் மீ டுநைட்' என்ற இசைப்படத்தில் மறு ரிலீஸுக்காக வெட்டியவை இன்றுவரை கிடைக்கவில்லை.

`பேபி ஃபேஸ்' அதிர்ஷ்டம் செய்திருந்தது. டேட்டனில் கிடைத்த பிரதி 2004 நவம்பரில் லண்டன் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. மறு வருடம், அமெரிக்கா பாதுகாக்க வேண்டிய படங்களின் தேசியப் பட்டியலில் இடம்பிடித்தது. 2006-ல் வந்த டிவிடியில் இரண்டு பிரதிகளையும் சேர்த்தே போட்டிருக்கிறார்கள். அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்கலாம். அதே கடை, அதே பெரியவர். ஒன்றில் அவர் லில்லியைப் பார்த்துத் தன் வாயால் பேசுகிறார். இன்னொன்றில் அவர் முதுகு மட்டும் தெரிகிறது.