பத்து மீட்டர் ஆட்டோ

செம்பாக்கத்தில் என் ஆறாம் வகுப்பு மாணவர்கள் விகிதம் பாடத்திற்காகத் தாம்பரம் ரயில் நிலையத்தின் மாதிரியைச் செய்தார்கள். தண்டவாளம் மட்டும் கடையில் வாங்கியது, இடைவெளி 16.5 மி.மீ. வாகனங்களை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னேன். ஆட்டோவும் பேருந்தும் ஒரே நீளத்தில் வந்து நின்றன!

அந்தத் தண்டவாளம் 1435 மி.மீ. பாதைக்கு 1:87 விகிதத்தில் அமைந்தது. நம் அகலப்பாதையோ 1676 மி.மீ. அதை 16.5ஆல் வகுத்தால் சுமார் 102. எனவே 1:100 என்று வைத்துக்கொண்டோம். மீட்டர் அப்படியே சென்டிமீட்டராகிவிடும். வகுப்புக்கு இதைவிட வசதி வேறில்லை. பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டி 21.3 செ.மீ., பேருந்து 12, ஆட்டோ 2.6.

ஆசையாகக் கொண்டுவந்த ஆட்டோவை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மாணவியே அளந்து பார்த்தாள். "டீச்சர், இது 10 மீட்டர் ஆட்டோ!" என்று சிரித்தபடி எடுத்துவிட்டு, அட்டையில் சின்னதாக ஒன்று வெட்டினாள்.

1:43, 1:64 இரண்டில் எது பெரிய பொம்மை என்றால் பலரும் 64 என்கிறார்கள். 4 மீட்டர் காரை இரண்டாலும் வகுக்கச் சொல்லுங்கள்: 9.3 செ.மீ., 6.25 செ.மீ. விலை மலிவான பொம்மைகள் பெரும்பாலும் பெட்டிக்குள் அடங்கும் அளவில் செய்யப்படுபவை. அதனால் கடைக்கு அளவுகோலோடு போவதே நல்லது. சற்றுப் பெரியது கிடைத்தால் முன்வரிசையிலும், சிறியதைத் தொலைவிலும் வைக்கலாம், கண்ணுக்கு உறுத்தாது.