ஜுரம் விடியலுக்குக் காத்திராது

புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்பியவர், சில நாள் குமட்டலையும் அசதியையும் பல்லைக் கடித்துப் பொறுத்து, பிறகு சற்றே எழுந்து நடமாடி, வாய்க்கு ருசியாக ஒரு பிடி ரசஞ்சாதம் கேட்டு வாங்கி உண்டு, வீட்டாரும் ஆறுதலடைந்து அவரவர் காரியங்களுக்குத் திரும்பியிருக்கும் வேளையில்தான், பெரும்பாலும் அந்த ஜுரம் வருகிறது. காவல் தளர்ந்திருக்கும் அந்தச் சமயமே சரீரம் மிகவும் நிராதரவாக இருக்கும் சமயமும் ஆகும்.

விரைந்து பெருகும் அணுக்களை அழிப்பது இம்மருந்துகளின் இயல்பாதலால், நோயின் அணுக்களோடு, எலும்பு மஜ்ஜையில் இடையறாது உற்பத்தியாகும் வெள்ளணுக்களையும், வாய் முதல் குடல் வரையுள்ள மெல்லிய உட்சவ்வையும் அவை சேர்த்தே தாக்குகின்றன. பழைய வெள்ளணுக்கள் தீர்ந்து புதியவை வந்து சேராத நாட்கள், பல மருந்துகளுக்கு, 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,500-க்கு மேல் இருக்க வேண்டிய, வெள்ளணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில் அணுக்கள் 500-க்கும் கீழே இறங்கிவிட்டால், கிருமி வெளியிலிருந்து வர வேண்டிய அவசியமே இல்லை. நம் குடலில் சாதுவாக வாழ்ந்திருந்தவையே ரத்தத்தில் புகுந்துவிடும். சீழ் என்பதே பெரும்பகுதி அந்த அணுக்கள் போரிட்டு மடிந்த எச்சமாகையால், அவை இல்லாத உடம்பில் புண் பழுப்பதில்லை, வீக்கம் தெரிவதில்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றும் புலப்படாமற் போகலாம். பல சமயம் ஜுரம் ஒன்றே அடையாளம். ஸ்டீராய்டு உட்கொள்பவர்களுக்கும் முதியவர்களுக்கும் அதுவுமின்றி, வெறும் குளிர் நடுக்கமோ மயக்கமோ மட்டும் காணலாம்.

இந்த ஒற்றை அடையாளத்தைத்தான் நம் வீடுகளில், அன்பின் மிகுதியால், ஒரு பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்து மறைத்துவிடுகிறோம். உடம்பு வியர்த்து ஜுரம் தணிகிறது. அகால வேளையில் எங்கே போவது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்கை அணைக்கிறோம். தெர்மாமீட்டர் 100.4 டிகிரியைத் தொட்டால், மாத்திரைக்கு முன்னதாக ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும் என்பதை, மருந்து ஏற்றும் முதல் நாளிலேயே ஒவ்வொரு குடும்பமும் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன்.

வெள்ளணு குறையக் குறையத் தொற்று மிகுகிறது என்பதை ஜெரால்டு போடி என்னும் அமெரிக்க வைத்தியரும் அவருடைய சகாக்களும் 1966-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். எந்தக் கிருமி என்று பரிசோதனை நிர்ணயிக்கும்வரை காத்திருந்த அக்காலத்தில், முடிவு வருமுன்பே நோயாளி மாண்டுபோவது உண்டு. பால்டிமோரில் ஸ்டீபன் ஷிம்ஃப் குழுவினர், ஜுரம் கண்டவுடனேயே இரண்டு ஆன்டிபயாடிக் மருந்துகளைச் சேர்த்துப் பிரயோகித்துக் கிடைத்த நற்பலனை 1971-இல் வெளியிட்டார்கள். இன்றைக்கு, வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஊசி ஏறிவிட வேண்டும் என்னும் விதி அந்த வழியில் வந்ததே.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு நேர்வது பெரும்பாலும் காத்திருத்தல். கையிலிருந்தும், மருந்தேற்றத் தோலடியில் பொருத்திய போர்ட்டிலிருந்தும் எடுத்த ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று அறிய இரண்டு நாளாவது செல்லும்; பலருக்கு ஒன்றுமே வளராது, அதனால் ஜுரம் பொய்யாகிவிடாது. தினமும் காலையில், வெள்ளணு எண்ணிக்கையைக் குறித்த "கவுண்ட் ஏறிச்சா?" என்ற கேள்வியோடு வார்டு விழிக்கிறது. இந்நாட்களில் பந்துக்கள் திரண்டு வந்து பார்ப்பது நம் பண்பாட்டின் அழகுதான். ஆனால் சளியும் இருமலுமாக வரும் ஒரு பேரன் போதும், நோயாளியைப் பின்னும் வருத்த. ஒருவர் மட்டும் கை கழுவி, முகக்கவசமிட்டு உடனிருக்க, மற்றவர் போனில் பேசுவதே மெய்யான பரிவு. கிருமிக்கு அஞ்சி, கோயில் பூவைக்கூட வீட்டுப் பூஜையறையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

ஜுரத்தைக் காட்டிலும் நோயாளியை வாட்டுவது வேறொன்று. ஆறு கீமோவில் மூன்று முடிந்தது என்று காலண்டரில் வட்டமிட்டு நாளெண்ணியவருக்கு, நாலாவது தள்ளிப்போகிறது என்ற சமாசாரம் சிகிச்சையே தோற்றுவிட்டதாகத் தொனிக்கிறது. அப்படியன்று. வைத்தியர் ஒரு வாரம் ஒத்திவைப்பதும், அளவைச் சிறிது குறைப்பதும், அடுத்த முறை வெள்ளணுவை வளர்க்கும் ஊசியை முன்கூட்டியே போடுவதும் இந்தச் சிகிச்சையின் வழக்கமான நடைமுறைகள். இதை வைத்தியரே படுக்கையருகில் நின்று இரண்டு வாக்கியத்தில் சொன்னால், அந்த நோயாளி அன்றிரவு தூங்குவார். சொல்ல அவகாசமில்லாத வைத்தியரிடம் உடனிருப்பவர் கேட்டே தீர வேண்டும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் விடாமுயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு, இன்றும் தொலைதூர மாவட்டங்களிலிருந்து பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து மருந்தேற்றிக்கொண்டு ஊர் திரும்புவோர் பலர். இவர்களுக்கு நள்ளிரவில் ஜுரம் கண்டால் சென்னைக்குப் புறப்படுவது விவேகமன்று. 108-ஐ அழைத்து அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரியை அடைந்து, வாசலிலேயே, "கீமோ நடக்குதுங்க, போட்டு இது பத்தாவது நாள்" என்று சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால், சாதாரண ஜுரக்காரர்களின் வரிசையில் அவரும் உட்கார வைக்கப்படக்கூடும். மருந்தின் பெயரும் தேதியும் உள்ள டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ரத்தப் பரிசோதனைத் தாள், காப்பீட்டு அட்டை, மாற்றுத் துணி, மிருதுவான பல்துலக்கி, போன் சார்ஜர் ஆகியவற்றை ஒரு பையிலிட்டுக் கதவருகே மாட்டி வைப்பது அபசகுனம் என்று தயங்கும் தாய்மார்களை நான் அறிவேன். அவர்கள் அறியாதவாறேனும் வீட்டில் யாராவது ஒருவர் அந்தப் பையைக் கட்டி வைத்துவிட வேண்டும். சிகிச்சை அளிக்கும் வைத்தியர் இரவில் எந்த எண்ணில் கிடைப்பார் என்பதையும் அதன்மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட வேண்டும்.