நிலவடிவின்மீது படம் போர்த்துதல்

ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தின் ‘புவன்’ இணையதளம் 2009இல் தொடங்கப்பெற்றது. அதில் மலைகள் முப்பரிமாணத்தில் காட்டப்பட்டன. திரையில் தோன்றும் அத்தகைய மலை இரு பொருள்களின் சேர்க்கையாகும்: ஒன்று உயர எண்களாலான வடிவம், மற்றது அதன்மேல் போர்த்தப்படும் செயற்கைக்கோட் படம்.

உயரம் எவ்வாறு கிடைக்கிறது? 2005 மே 5ஆம் நாள் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1இல் இரு காமிராக்கள் இருந்தன. ஒன்று முன்னோக்கி 26 பாகையும், மற்றது பின்னோக்கி 5 பாகையும் சாய்ந்திருந்தன. ஒரே இடம் இரு படங்களில் சற்றே விலகித் தோன்றும். அவ்விலகலிலிருந்து உயரம் கணிக்கப்பட்டது.

நிரல் எழுதத் தொடங்குவோர் முதலில் படத்தையே நாடுவர், அது சரியன்று. உயரப் புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்து, வெறும் வடிவத்தை முதலில் திரையில் நிறுத்துதல் வேண்டும். பின்னர் ஒவ்வொரு முனைக்கும் படத்தில் உரிய இடம் யாதெனக் குறித்தால், இடைப்பட்ட பரப்பை நிரலே நிரப்பிவிடும். இக்குறிப்பு பிறழ்ந்தால் ஓடை மலைச்சரிவில் ஏறும். காண்பதற்கு அது வேடிக்கையே. தடுப்பணைக்கு இடம் தேடுவோர்க்கு அன்று.

சரிவு நன்கு புலப்படுமாறு உயரத்தைப் பெருக்கிக் காட்டும் வழக்கமும் உண்டு. மும்மடங்கு பெருக்கினால் 5 பாகைச் சரிவு ஏறத்தாழ 15 பாகையாகத் தோன்றும். ஆதலால் பெருக்கிய அளவு ஓரத்தில் எழுதப்படாத படத்தை வகுப்பிற்கோ வயலுக்கோ கொண்டுசெல்லலாகாது.